கூடையில் ஒரு கோழி, வேலியோரம் ஒரு கோழி

கேள்வி: எங்கள் நாட்டுக்கோழிகளில் ஒரு பெட்டை நான்கு நாட்களாகக் கூடையைவிட்டு அசையவில்லை. முட்டைகளை எடுத்துவிட்ட பிறகும் வெறும் வைக்கோல்மேல் உட்கார்ந்திருக்கிறது. நேற்று முதல் இன்னொரு கோழி வேலியோரம் குறுகி நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கூடையில் இருப்பது அடைக்கோழி, அதாவது குஞ்சு பொரிக்க அடைகாக்க உட்கார்ந்துவிட்ட கோழி. அதற்கு மருந்தே வேண்டாம். புரோலாக்டின் என்ற ஹார்மோன் உடலில் கூடும்போது முட்டையிடுவது நின்று அடை உணர்வு வந்துவிடும். அடியில் முட்டை இல்லாவிட்டாலும் அது எழுந்திருக்காது. சந்தேகமிருந்தால் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள்: இறகைச் சிலிர்த்து, உறுமி, கொத்த வரும். நாளுக்கு ஒருமுறை இறங்கி அவசர அவசரமாகத் தின்று, நாற்றமெடுக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுத் திரும்பும். இதைக் கழிச்சல் என்று நினைத்துக் கண்ட மருந்தையும் வாயில் ஊற்றுபவர்கள் உண்டு.

குஞ்சு வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு மேற்படாத முட்டைகள் பத்துப் பன்னிரண்டை இரவில் அடியில் வையுங்கள். 21 நாளில் பொரியும். தீவனமும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். அசையாத கோழியில்தான் பேனும் செள்ளும் பெருகும் என்பதால் இறகுக்கடியையும் பாருங்கள். குஞ்சு வேண்டாமென்றால், வைக்கோல் இல்லாத, அடியில் காற்றோடும் கம்பிக்கூண்டில் சில நாட்கள் விட்டால் அடை தெளிந்துவிடும். மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வெறும் சித்திரவதை.

என் கவலையெல்லாம் அந்த வேலியோரக் கோழியைப் பற்றித்தான். நோயுற்ற பறவை உடல் சூட்டைக் காக்க இறகை உப்பிக்கொண்டு ஒடுங்கி நிற்கும். கை நீட்டினாலும் விலகாமல், கண்ணை மூடி, இறக்கை தொங்கியபடி நின்றால் உடனே தனியே அடையுங்கள். எச்சம் பச்சையும் வெள்ளையுமாக இருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகிக்க வேண்டும். அது நச்சுயிரி நோய். வந்தபின் தீர்க்க மருந்து கிடையாது, மற்ற கோழிகளுக்கும் வேகமாகப் பரவும். எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் இரத்தக்கழிச்சலாக இருக்கலாம். இதற்கு மருந்து உண்டு. வாலைத் தாழ்த்தி முக்கிக்கொண்டிருந்தால் முட்டை வெளியே வராமல் உள்ளே அடைத்திருக்கக்கூடும். எதுவானாலும் இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். புது எச்சத்தையும் ஒரு தாளில் மடித்து எடுத்துச் செல்லுங்கள். மற்ற கோழிகளுக்கு எப்போது தடுப்பூசி போடலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதுவரை நோயுற்ற கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடைக்கூடைப் பக்கம் போகாதீர்கள்.