கோப்பு இருந்தும் கேர்னல் காணாதது ஏன்?

கேள்வி: பழைய மடிகணினி ஒன்றுக்கு லினக்ஸ் கேர்னலை (இயங்குதளத்தின் கருவை) மூல நிரலிலிருந்து நானே தொகுத்தேன். வைஃபை சாதனத்தின் ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள் ஏற்றப்படும் நிரல்) உரிய அடைவில் இருந்தும், கணினி தொடங்கும்போது "கழித்தல் 2" என்ற பிழை வருகிறது. ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: அந்த எண்ணுக்கு, கேட்ட கோப்பு கிடைக்கவில்லை என்பதே பொருள். நீங்கள் வைஃபை டிரைவரை, அதாவது சாதனத்தை இயக்கும் நிரலை, தேவைப்படும்போது ஏற்றப்படும் தனி மொடியூலாக அன்றி கேர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அப்படியானால், வன்தட்டிலுள்ள மூலக் கோப்பமைப்பு (கோப்புகள் எல்லாம் அடங்கிய ரூட்) இணைக்கப்படுவதற்கு முன்னரே டிரைவர் விழித்து ஃபர்ம்வேரைக் கேட்டுவிடும். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவம் திறக்குமுன் கூடையோடு போய் நிற்பவரின் நிலைதான் அதற்கும். 2012 இல் வெளிவந்த 3.7 பதிப்பிலிருந்து கேர்னலே கோப்பை நேரடியாகத் தேடிப் படிக்கிறது. அதற்கு முன் அந்த வேலையை யூடெவ் என்ற பயனர்தள நிரல் செய்தது. ஆனால் யார் தேடினாலும், இணைக்கப்படாத தட்டிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

டிரைவரை மொடியூலாக மாற்றித் தொகுப்பதே எளிய வழி. தட்டு இணைந்த பிறகு அது ஏற்றப்படும். தட்டு இணையும் முன் நினைவகத்தில் தற்காலிகமாக இயங்கும் ஆரம்ப ரேம் கோப்பமைப்பிலேயே மொடியூல் ஏற்றப்படுமானால், ஃபர்ம்வேரையும் அதில் வைக்க வேண்டும். கேர்னல் பிம்பத்துக்குள்ளேயே ஃபர்ம்வேரைப் பதிக்கவும் இயலும். எனினும் அந்தக் கேர்னலைப் பிறருக்குக் கொடுக்கும்போது உரிமச் சிக்கல் எழலாம் என்பதால் எனக்கு அது உவப்பானதல்ல.

ஃபர்ம்வேர் கோப்பின் பெயர், சுருக்கப்பட்டது என்பதைக் காட்டும் எக்ஸ்இசட் (.xz) என்று முடிகிறதா என்றும் பாருங்கள். சுருக்கப்பட்ட ஃபர்ம்வேரை 5.3 பதிப்பு முதல்தான் கேர்னல் படிக்கிறது, அதுவும் அதற்குரிய தெரிவை இயக்கித் தொகுத்திருந்தால் மட்டுமே.