கான் மூடி உடைந்து ஆட்டோ பழுதடைந்தால் சபையிடம் இழப்பீடு கேட்க முடியுமா?

மட்டக்களப்பு மாவட்டத்தில் முச்சக்கரவண்டி ஓட்டும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று வாரங்களுக்கு முன், மாரி மழையில் வெள்ளம் நின்ற உள்வீதியொன்றில், கானின் (வடிகாலின்) மேல் இருந்த கொங்கிறீற் மூடி உடைந்து அவருடைய வண்டியின் முன்சில்லு உள்ளே இறங்கிவிட்டது. ரிம்மும் போர்க்கும் வளைந்தன. ஒன்பது நாட்கள் ஓட்டமில்லை. உள்ளூராட்சிச் சபையில் வாயால் முறையிட்டும் பதில் வரவில்லை. நட்டத்தைப் பெற வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் அந்த வீதி யாருடையது என்பதை முதலில் உறுதிப்படுத்த வேண்டும். கல்முனை ஊடாக மட்டக்களப்புக்கு வரும் ஏ-4, அங்கிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ-15 போன்ற ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஊருக்குள் இருக்கும் ஏனைய வீதிகளில் பெரும்பாலானவையே மாநகர, நகர, பிரதேச சபைகளைச் சேர்ந்தவை. நீர்க்குழாய் பதிக்கத் தோண்டி ஒழுங்காக மூடாமல் விட்ட குழியாக இருந்தால், தோண்டியவரும் பொறுப்பாளியாகலாம். சபை வாய்திறக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த வீதி யாருடையது, கான் மூடி கடைசியாக எப்போது திருத்தப்பட்டது, முன்னர் முறைப்பாடு கிடைத்ததா என்று எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா மறுப்பதா என்ற தீர்மானத்தை அவர்கள் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலே பெரும்பாலும் வழக்கின் உயிர்.

ஏனெனில் வண்டி பழுதடைந்தது என்பதற்காக மட்டும் சபை பணம் தர வேண்டியதில்லை. அதன் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும். சபையே கட்டிய கானின் மூடி வலுவிழந்து, அது தெரிந்தும் எச்சரிக்கைப் பலகைகூட வைக்காமல் விட்டிருந்தால் உங்கள் பக்கம் பலமானது. வீதி தானாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்க, சபை அதைத் திருத்தவில்லை என்று மட்டும் சொல்வது அதைவிடக் கடினமான வாதம். நீங்கள் வேகமாக வந்தீர்கள் என்று அவர்கள் காட்டினால் தொகையும் குறையலாம்.

ஆகவே இடத்தை இன்றே படமெடுங்கள். உடைந்த விளிம்பில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த கம்பி தெரியும்படி ஒரு படமும், குழிக்குள் அளவுநாடாவை இறக்கி ஆழம் வாசிக்கக்கூடியதாக ஒரு படமும் போதிய வெளிச்சத்தில் இருக்க வேண்டும். மூடி மாற்றப்பட்டுவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, கராஜ் மதிப்பீடு, பற்றுச்சீட்டு ஆகியவற்றை எடுத்து வையுங்கள். வளைந்த ரிம்மைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். இழந்த ஒன்பது நாள் வருமானத்துக்கு, பாடசாலைப் பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்கு ஏற்றுபவராயின் பெற்றோரின் கடிதமே நல்ல ஆதாரம்.

அடுத்தது அறிவித்தல். இதில்தான் பலர் தோற்கிறார்கள், அதுவும் நியாயம் தம் பக்கம் இருக்கும்போதே தோற்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சபைக்கு எதிராக வழக்குத் தொடுக்குமுன் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை; பிரதேச சபைகளுக்கு அது 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. வாயால் சொன்ன முறைப்பாடு அறிவித்தலாகாது. வழக்குக்கான காரணம், உங்கள் பெயர், முகவரி, சட்டத்தரணியின் விபரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, பதிவுத்தபாலில் அனுப்பி, சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அந்த மாதத்துக்குள் சபை ஒரு தொகை தர முன்வந்தால் உடனே மறுத்துவிடாதீர்கள். அது நியாயமான தொகையாக இருந்தும் வழக்குக்குப் போனால் நட்டம் உங்களுக்கே.

சாதாரண நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் உண்டு என்று யாராவது சொன்னால் அதை நம்பிக் காத்திராதீர்கள். உள்ளூராட்சிச் சபைகளுக்கு எதிரான கால எல்லை அதைவிட மிகக் குறுகியது, சில மாதங்களே. சபையின் வகைக்கேற்ப அது மாறும். உங்களுக்கு ஏற்கனவே மூன்று வாரம் போய்விட்டது. அறிவித்தலுக்குரிய மாதமும் அந்தக் கால எல்லைக்குள்ளேயே கழிய வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த வசதியில்லையென்றால், சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு நிலையத்துக்கு இந்த வாரமே ஆவணங்களுடன் செல்லுங்கள்.