படியேறினால் வீடியோ, லிஃப்டில் போனால்?

கேள்வி: விபத்தில் என் தம்பிக்கு வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். போன மாதம் ஒரு யூடியூப் சேனலிலிருந்து வந்து வீடியோ எடுத்தார்கள். 'கால் இல்லை... ஆனால் கவலை இல்லை!' என்று தலைப்பு. லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், அம்மா தெருவில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டார். அவனோ அன்றிலிருந்து எரிந்து எரிந்து விழுகிறான். நல்லதுதானே சொன்னார்கள், இதற்கு ஏன் கோபம்?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். ஆறு நிமிடத்தில் உங்கள் தம்பி கடைப்படி ஏறுவது மூன்று தடவை வருகிறது. அதில் ஒன்று ஸ்லோ மோஷனில், பின்னணியில் புல்லாங்குழல். நடுவில் ஒரே ஒரு இடத்தில், ஹீட்டிங் பேட் மேல் போனை வைத்துப் பசையை இளக்கி, மெல்லிய பிளேடை நுழைத்து, உடைந்த கண்ணாடியை உள்ளே இருக்கிற டிஸ்ப்ளேவில் ஒரு கீறல் விழாமல் பெயர்த்து எடுக்கிறார். அது நாலு செகண்ட் வந்திருந்தால் அதிகம். அவருடைய தொழிலே அதுதான், அதில் காலுக்கு வேலையே கிடையாது.

அப்புறம் அந்தப் படி. ரோடும் வடிகாலும் போட்டுப் போட்டு முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது. அதற்கு யார் பொறுப்பு, ஒரு சாய்தளம் வைக்க எவ்வளவு ஆகும் என்று வீடியோவில் ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? படி இல்லாவிட்டால் அவர்களுக்கு ஷாட்டே இல்லையே.

எனக்கும் இடது காலில் போலியோ என்பது இந்தப் பகுதியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில் என் சீட் மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. கீழே மாற்றிக் கொடுங்கள் என்று இரண்டு வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஒரு பத்திரிகைக்காரர் பேட்டி எடுக்க வந்தார். கூட வந்த போட்டோகிராபர், சைடு வீல் வைத்த என் ஸ்கூட்டரை ஃபிரேமை விட்டுத் தள்ளச் சொன்னார். "ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி பாருங்க சார்" என்றார். நானும் பார்த்தேன், என்னத்தைச் சொல்ல. 'தினமும் மூன்று மாடி ஏறும் தன்னம்பிக்கை' என்று வந்தது. கீழே சீட் கேட்ட கதையையும்தான் சொல்லியிருந்தேன், அது மட்டும் வரவில்லை. மேனேஜர் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். அடுத்த தடவை போய்க் கேட்டபோது, "பேப்பர்லயே வந்துட்டீங்க, உங்களுக்கு எதுக்கு சார் கீழ சீட்டு?" என்று சிரித்தார். பாராட்டு என்று வந்தது, நான் கேட்டதை மறுக்கக் காரணமாகிவிட்டது. தம்பியின் கோபம் எனக்குப் புரிவது அதனால்தான்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தது. தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் லிஃப்டில் இறங்கிப் போகிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒருத்தரும் என்னை வைத்து ரீல்ஸ் போடவில்லை. அவ்வளவு நிம்மதி. படியேறும்போது மட்டும்தான் நான் சாதனையாளர், லிஃப்டில் போனால் வெறும் பயணி.

தம்பியிடம் 'நல்லதுதானே' என்று சொல்லாதீர்கள். பேட்டியில் நீ சொன்னதில் எதையெல்லாம் வெட்டினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிறைய வரும்.

கேள்வி: அப்படியானால் மாரியப்பனைப் பார்த்துப் பெருமைப்படுவதும் தப்பா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: தாராளமாகப் பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். 2016 ரியோ பாராலிம்பிக்சில் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளி, 2024 பாரிசில் 1.85 தாண்டி வெண்கலம். மூன்று பாராலிம்பிக்சில் மூன்று பதக்கம். ஆனால் நம் ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் பஸ் ஏறி நசுங்கிய காலும் காய்கறி விற்ற அம்மாவும்தான் ஞாபகம் வரும், எத்தனை மீட்டர் தாண்டினார் என்பது வராது. சச்சினிடம் இப்படியா நடந்துகொண்டோம்? அவர் ரன் கணக்கு டீக்கடையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியுமே.

இன்னொன்று. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர், தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம். இதில் எத்தனை பேர் உயரம் தாண்ட முடியும்? மீதிப் பேருக்கு ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் போய்வர வழி இருந்தால் போதும். 'அவரே தங்கம் வாங்கிட்டார், உனக்கு என்ன குறை' என்று வீட்டிலேயே கேட்பார்கள் பாருங்கள், அதுதான் தாங்காது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. 2012 லண்டன் பாராலிம்பிக்சுக்கு பிரிட்டனின் சேனல் 4 விளம்பரம் செய்தபோது வீரர்களுக்கு வைத்த பெயரே 'சூப்பர்ஹியூமன்ஸ்'. பாரிஸ் போட்டிக்கு வந்தபோது அதே சேனல், 'இவ்வளவு குறை இருந்தும் எவ்வளவு நன்றாக ஆடுகிறார்' என்று வியக்கிறவர்களைக் கிண்டல் செய்து விளம்பரம் எடுத்தது. 12 வருடம் ஆகியிருக்கிறது.

கேள்வி: ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி, திவ்யாங். உங்களுக்கு எது பிடிக்கும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: முதல் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன் நான். தெருவில் அதைவிட மோசமாகக் கூப்பிட்டார்கள். கலைஞர் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லைக் கொண்டுவந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது, இன்றும் அதையே எழுதுகிறேன். ஆனாலும் கால் போனதற்கு மாற்றாக எனக்கு எந்தத் திறனும் வந்து சேரவில்லை, எட்டாம் வாய்ப்பாடு இன்னும் தடுமாறும். 2015 கடைசியில் பிரதமர் சொன்ன 'திவ்யாங்' இருக்கிறதே, அது உறுப்பையே தெய்வீகம் ஆக்கிவிடுகிறது. எனக்கு அது வேண்டாம் சார், பக்கத்தில் யாராவது சூடம் ஏற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

கேள்வி: இதழியல் படிக்கிறேன். மாற்றுத்திறனாளி ஒருவரைப் பேட்டி எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கேட்கலாம்?
– மாணவி, ராயபுரம்

பதில்: தொழிலைப் பற்றிக் கேளுங்கள். செல்போன் கடைக்காரர் என்றால் டிஸ்ப்ளே மாற்ற எவ்வளவு வாங்குகிறார், எந்த போன் அவருக்குத் தலைவலி, காலையிலிருந்து எங்கெல்லாம் மாட்டிக்கொண்டார். கால் எப்படிப் போனது என்பதை அவராக எடுத்தால் எழுதுங்கள். எழுதி முடித்ததும் 'ஆனாலும்', 'இருந்தும்' இரண்டையும் அடித்துவிட்டுப் படியுங்கள். அப்புறமும் செய்தி என்று ஏதாவது மிஞ்சினால் ஆசிரியரிடம் கொடுங்கள். ஆசிரியர் முறைத்தால், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே திரைப்படங்களைப் பற்றிய ஒரு தீர்ப்பில், இவர்களைக் கேலிப்பொருளாகவும் காட்டாதீர்கள், அதிமனிதராகவும் காட்டாதீர்கள் என்று சொல்லியிருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆள் கிடைக்கவில்லை என்றால், முதல் கேள்வி கேட்ட வாசகியின் தம்பியிடம் நான் கேட்டுச் சொல்கிறேன். அவர் சரி என்றால் போங்கள். உங்கள் போனில் கண்ணாடி உடைந்திருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்குள் ஏறும்போது மட்டும் பார்த்து, அந்தப் படி கொஞ்சம் உயரம்.