டெக்ஸ்ட் எடிட்டர் பாடங்களில் வீடியோ லிங்க்கை ஏன் நேரக்குறியோடு கொடுக்கிறார்கள்?

நேரக்குறி லிங்க் என்பது, தட்டியதும் வீடியோவைக் குறிப்பிட்ட நொடியிலிருந்து ஓட்டும் முகவரி. யூடியூப் முகவரியின் வாலில் 'டி' என்ற ஆங்கில எழுத்து, சமக்குறி, நொடிக் கணக்கு சேர்த்திருப்பார்கள். 12 நிமிடம் 34 நொடி என்றால் 754. கணக்குப் போடச் சோம்பலா? ஷேர் பெட்டியில் தொடக்க நேரத்தை டிக் செய்யுங்கள், அதுவே சேர்த்துக்கொள்ளும்.

விம் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் மேக்ரோ பதிவதை, அதாவது வரிசையாக அழுத்தும் சாவிகளைப் பதிந்துவைத்து மறுபடி ஓட்டுவதை, எடுத்துக்கொள்வோம். 'க்யூ', அடுத்து 'ஏ' அழுத்தியதும் திரையின் அடியில், பதிவு ஓடுகிறது என்று ஒரு சின்ன வரி முளைக்கும். முடிக்கவும் அதே 'க்யூ'தான். எந்தச் சாவிக்குத் திரையில் எது மாறுகிறது என்பதை ஒரு பத்தி எழுதியும் விளக்க முடியாது. கண்ணால் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அந்தச் சில நொடிகளை 40 நிமிட வீடியோவில் தேட யாருக்குப் பொறுமை? "கடை தி.நகரில் இருக்கு" என்பதற்கும், "மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து ரங்கநாதன் தெருவில் இறங்கினதும் இடப்பக்கம் மூணாவது கடை" என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

கட்டளையை எழுத்திலும் கொடுத்துவிடுங்கள். வீடியோவை நீக்கிவிட்டால் பாடமே அம்போ.

இந்த லிங்க் வீடியோவை வெட்டித் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். தொடங்கும் இடம் மட்டுமே மாறும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நீங்கள்தான் பக்கத்தில் எழுத வேண்டும்.