கொரோனா வந்து போனபிறகு கோப்பி கான் தண்ணி மாதிரி நாறுகிறது. மூக்கு நரம்பு செத்துவிட்டதா?

எல்லாம் செத்திருந்தால் கோப்பி உங்களுக்கு எந்த விதமாகவும் மணக்காது. கோப்பை முன்னால் வந்ததும் நாறுகிறது என்றால் சில நரம்புக்கலங்களாவது வேலை செய்கின்றன. வீட்டில் யாரோ “மனப்பிரமை” என்று சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

என் அம்மாவுக்கும் இதே கதை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் பலர் அம்மா வறுத்த கறித்தூளைத்தான் வாங்குவார்கள். கொத்தமல்லியை எப்போது இறக்குவது என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். 2021இல் காய்ச்சல் வந்து மணமே போனது. அப்புறம் வறுத்த எதுவும் பிணவாடை. வெங்காயம் தாளித்தால் குசினியில் நிற்கமாட்டார். “வயசு போனால் அப்படித்தான்” என்றார் பெரியம்மா. ஒரு தனியார் கிளினிக்கில் ஸ்கானுக்குக் காசை வாங்கிவிட்டு, நரம்பு போய்விட்டது, இனி வராது என்று நின்ற நிலையில் சொல்லி அனுப்பினார்கள். அம்மா பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் டாக்டர் இல்லை, ஏ.எல். பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஆனாலும் இதில் தெரிந்ததைத்தான் சொல்கிறேன். மண மூலக்கூறு நரம்புக்கலத்தின் வாங்கியில், அதாவது மணத்தைப் பிடிக்கும் புரதத்தில், ஒட்டும். மனிதரில் ஏறக்குறைய 400 வகை வாங்கிகள். இவற்றின் மரபணுக்களை 1991இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. வாங்கி, கலத்துக்குள் செய்தி கடத்தும் ஜி புரதத்தைத் தூண்ட, சைக்கிளிக் ஏ.எம்.பி. என்ற சிறு செய்தி மூலக்கூறு உண்டாகி, அயன்கள் (மின்னேற்றமுள்ள துணிக்கைகள்) போய்வரும் வாயில்களைத் திறக்கும். கல்சியம் உள்ளே போக, குளோரைட்டு வெளியேற, மின்துடிப்பு கிளம்பும். மறுமுனையில், மூளையின் மணக்குமிழில், குளுட்டமேற் என்ற செய்தி கடத்தும் இரசாயனம் சுரந்து அடுத்த கலத்துக்குச் செய்தி போகும்.

தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்கு இதைக் காட்ட நல்ல படம் தேடி நான் படுகிற பாடு! கிடைப்பது போட்டோகொப்பிக்குப் போட்டோகொப்பி, அம்புக்குறி எது கறை எது என்றே தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் பெரும்பாலும் தாக்கியது பக்கத்தில் தாங்கி நிற்கும் கலங்களை. அவை சிதைய, நரம்புக்கலங்களும் முடங்கின. புதிய நரம்புக்கலங்கள் அடியிலிருந்து வளரும். அவை ஒழுங்காகப் போய் இணையும்வரை மணம் பிழையாகத் தெரியும் என்றே கருதுகிறார்கள். கோப்பியிலுள்ள கந்தக மூலக்கூறு துளி இருந்தாலே போதும், அந்த நாற்றத்தைக் கிளப்பிவிடும்.

ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலையும் மாலையும் மாதக்கணக்கில் முகர்ந்து பழகுங்கள். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்குக் கராம்பு முதலில் திரும்பியது. இப்போது தூள் வறுக்கிறார், கோப்பிதான் இன்னும் சரிவரவில்லை.

கேஸ் அடுப்பில் மட்டும் கவனம். கசிவு தெரியவென்று கலக்கும் நாற்றம் உங்களுக்குப் பிடிபடாமல் போகலாம், சிலிண்டர் மாற்றும்போது வேறு யாரையாவது முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.