கறுப்புத் திரை, செத்த விசைகள், கிளம்பிய புகை: பழைய கணினிக் கேள்வி-பதில்

கமடோர் 64. பரணில் இருபது வருடம் கிடந்தது. அதனுடன் வந்த அடாப்டரைப் போட்டதும் ஓடியது. மூன்றாம் நாள் சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது, திரை கறுப்பு. எந்த ஐசி (சிப்) போயிருக்கும்?

அடாப்டரை அளந்து பார்த்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அளக்கவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வந்துகொண்டே இருக்கிறது: முதலில் மின்சாரம், பிறகு புலம்பல். மல்ட்டிமீட்டர் முதலில், ஸ்விட்ச் பிறகு.

அந்தக் கறுப்புச் செங்கல் அடாப்டருக்குள், 5 வோல்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டரை எபாக்ஸிப் பிசினில் புதைத்திருக்கிறார்கள். சூடு வெளியேற வழியில்லை. வயதாகி உள்ளே ஷார்ட் ஆனால் 5 வோல்ட் நின்றுபோகாது, ஏறும். 6, 7, அதற்கும் மேல். கணினியில் அந்த லைனுக்குத் தடுப்பு எதுவும் கிடையாது. முதல் பலி ரேம்.

அளக்கும் முறை: ஏழு முள் பிளக்கில் 2வது முள் தரை, 5வது முள் 5 வோல்ட் டிசி, 6க்கும் 7க்கும் இடையே 9 வோல்ட் ஏசி. கணினியில் சொருகாமல் அளங்கள். 5.25க்கு மேல் காட்டினால் குப்பைக்கு. சரியாகக் காட்டினாலும் நம்ப வேண்டாம். சுமையில்லாமல் எல்லா அடாப்டரும் நல்லபிள்ளைதான். 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்டுக்குக் குறுக்கே கட்டினால் 1 ஆம்பியர் இழுக்கும். அரைமணி நேரம் விட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். இதிலும் தேறினால்கூட நான் அதை வைத்து ஓட்டச் சொல்லமாட்டேன். இந்த ரெகுலேட்டர் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாவதில்லை. 5 வோல்ட் 3 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் பவர் சப்ளை) ஒன்றும், 9 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும் ஒரு பெட்டியில் அடங்கிவிடும். செலவு ஒரு செட் ரேமைவிடப் பெரிதில்லை.

இப்போது கணினி. விளக்கு எரிவது 5 வோல்ட் வருகிறது என்பதை மட்டுமே சொல்லும். போர்டில் உள்ள 1.5 ஆம்பியர் ஃபியூஸைச் சோதியுங்கள். அது போனால் 9 வோல்ட் ஏசி உள்ளே போகாது. பழைய போர்டுகளில், படத்தை உருவாக்கும் விஐசி ஐசிக்கு 12 வோல்ட் கிடைக்காமல் திரை இருண்டுவிடும். ஃபியூஸ் நன்றாக இருந்தால், ஒரு நிமிடம் ஓடவிட்டு ரேம்களைத் தொடுங்கள். ஒன்று மட்டும் விரல் வைக்க முடியாதபடி கொதித்தால் அதுதான். எல்லாம் ஒரே சூடாக இருந்தால் ரேம் நல்லது என்று அர்த்தமில்லை. 'டெட் டெஸ்ட்' என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜைச் சொருகுங்கள். திரை எத்தனை முறை மின்னுகிறது என்பதை வைத்து எந்த ரேம் என்று தெரியும். மின்னவே இல்லையென்றால் அடுத்த சந்தேகம் பிஎல்ஏ, அதாவது எந்தச் சிப் எப்போது பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் ஐசி. ஊகத்தில் எட்டு ரேமையும் பிடுங்காதீர்கள். எட்டுக்குப் பதினாறு, 128 கால்கள். போர்டின் செப்புப் பேடுகளில் நான்கைந்தாவது உரிந்து வரும்.

ஸ்பெக்ட்ரம் 48கே. கியூ, டபிள்யூ, இ, ஆர், டி ஐந்தும் வேலை செய்யவில்லை.

மெம்பிரேன், அதாவது விசைகளுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தாள். அதன் எட்டுக் கம்பி வாலில் ஒரு தடம் முறிந்திருக்கிறது. ஒரு தடத்துக்கு ஐந்து விசை. (1, கியூ, ஏ, கேப்ஸ் ஷிஃப்ட், 0, பி, என்டர், ஸ்பேஸ் என எட்டுச் செத்தால் ஐந்து கம்பி வாலைப் பாருங்கள்.) பழைய மெம்பிரேனை ஒட்டிப்போட முயல வேண்டாம், அப்பளம்போல் நொறுங்கும். புதியது வாங்கி, ஹேர் டிரையரில் மெல்லச் சூடாக்கி முகப்புத் தகட்டை எடுங்கள். மாற்றியும் அதே ஐந்து விசை செத்தால், அந்தத் தடத்தின் டயோடு.

அதே ஸ்பெக்ட்ரம் ரகம். ஓடும்போதே பின்னால் ஜாய்ஸ்டிக் இன்டர்ஃபேஸ் சொருகினேன். திரை முழுக்கச் செங்குத்துப் பட்டைகள். ரேம் ஆர்டர் செய்துவிட்டேன்.

ஓடும்போது ஏன் சொருகினீர்கள்? அந்த எட்ஜ் கனெக்டரில் வோல்டேஜ்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. கொஞ்சம் சாய்ந்தாலே போதும்.

ரேம் வந்தாலும் மாட்டாதீர்கள். கீழ் ரேமான (முதல் 16கே) 4116 ஐசிக்கு மூன்று வோல்டேஜ் வேண்டும்: 1வது காலில் மைனஸ் 5, 8வது காலில் 12, 9வது காலில் 5. மைனஸ் 5 இல்லாமல் மற்றவை வந்தால் 4116 செத்துப்போகும். புதிதாகப் போடுவதும் அதே வழியில் போகும். பெரும்பாலும் போயிருப்பது, இந்த வோல்டேஜ்களை உருவாக்கும் சுற்றில் டிஆர் 4 என்று குறித்த டிரான்சிஸ்டர், ரகம் இசட்டிஎக்ஸ் 650. அதோடு பக்கத்துக் காயிலையும் பாருங்கள். மூன்று வோல்டேஜும் சரியான பிறகே ரேம். அளக்கும் முனை 8லிருந்து நழுவிப் பக்கத்துக் காலைத் தொட்டால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். கை நடுங்குபவர்கள் கிளிப் வைத்து அளங்கள்.

என் பழைய கம்ப்யூட்டர் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

என்ன மாடல், திரையில் என்ன தெரிகிறது, 5 வோல்ட் லைனில் எவ்வளவு? இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்குப் பதில் இல்லை.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கமடோர் 64. நம் பிளக்கில் போடலாமா?

கூடாது. அதன் அடாப்டர் 120 வோல்டுக்கு. மேலே சொன்ன புது அடாப்டர்தான் வழி. படம் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை), அதை ஏற்கும் டிவி வேண்டும்.

பள்ளி ஸ்டோரிலிருந்து எடுத்த பிபிசி மைக்ரோ. பத்து நிமிடத்தில் புகையும் நாற்றமும். ஆனால் இன்னும் ஓடுகிறது. பயன்படுத்தலாமா?

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். 1984இல் தொடங்கிய கிளாஸ் (பள்ளிக் கணினிக் கல்வி) திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த ரகம் இது. ஈரம் ஏறிய அறையில் கிடந்திருந்தால் புகை ஆச்சரியமில்லை. பவர் சப்ளையின் மெயின்ஸ் பக்கம் மஞ்சள் நிறக் கண்ணாடிபோல் இரண்டு கெப்பாசிட்டர்கள் இருக்கும். உறை விரிசல் விட்டு, உள்ளே உள்ள காகிதம் ஈரம் குடித்து, மின்சாரம் பட்டதும் எரிகிறது. வடிகட்டும் வேலைக்கு மட்டும் இருப்பவை என்பதால் அவை எரிந்தும் கணினி ஓடுகிறது. மாற்று: 0.1 மற்றும் 0.01 மைக்ரோஃபாரட், எக்ஸ்2 (மெயின்ஸ் லைனுக்கு உரிய) ரகம், 275 வோல்ட் ஏசி. சாதாரண 400 வோல்ட் டிசி கெப்பாசிட்டர் போடக்கூடாது. எக்ஸ்2 என்று அச்சிட்டதுதான். பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைக் கழற்றிக் காத்திருங்கள். பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும். பூஜ்யத்துக்கு அருகே வந்ததை மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள்.

மாற்றியபின் ஒரே நீண்ட பீப் நிற்காமல் கேட்டால் ப்ராசஸர் கிளம்பவில்லை. சாக்கெட்டில் உள்ள ஐசிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கால்களைச் சுத்தம் செய்து திரும்ப அழுத்துங்கள். பலமுறை அதுவே போதும்.

கமடோரின் 1541 ஃப்ளாப்பி டிரைவ், தான் ஃபார்மட் செய்த டிஸ்கை மட்டும் படிக்கிறது.

டிஸ்கைப் படிக்கும் ஹெட் இடம் விலகியிருக்கிறது. அதைச் சரிபார்க்கும் அலைன்மென்ட் டிஸ்க் இல்லாமல் திருகைத் தொடாதீர்கள். முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஹெட்டைத் துடைத்து, ஹெட் ஓடும் இரு தண்டுகளுக்கும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய்.

அமிகா 500. ஸ்விட்ச் போட்டதும் திரை பச்சையாகி நின்றுவிடுகிறது.

சிப் ரேம் (படம், ஒலிச் சிப்புகளும் பயன்படுத்தும் நினைவகம்) சோதனையில் தோல்வி. அடியில் உள்ள மூடியைத் திறந்து ஏ501 என்ற கூடுதல் ரேம் அட்டையைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கிளம்பினால் கோளாறு அட்டையில்தான். அதிலுள்ள 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரியைச் சுற்றிப் பச்சைப் பாசிபோல் இருக்கும். கசிந்தது காரம், அதனால் வெள்ளை வினிகரில் பஞ்சைத் தொட்டுத் தேய்த்து, பிறகு ஆல்கஹாலில் கழுவுங்கள். பேட்டரியின் கால்களை வெட்டிக் கழற்றிவிடுங்கள், கசியாவிட்டாலும். அட்டை இல்லாமலும் பச்சை என்றால் சிப் ரேமைக் கையாளும் ஆக்னஸ் சிப்பை உரிய கொக்கியால் தூக்கிச் சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள். திருப்புளி வைத்து நெம்பினால் சாக்கெட்டின் மூலை உடையும்.