சமாதானம் வேண்டுமா என்று கேட்டால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

உக்ரைன் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து படிக்கிறேன். மரியாதையோடு ஒரு சந்தேகம். கேலப் நிறுவனம் 2022-ல் உக்ரைனில் எடுத்த கணிப்பில் வெற்றிவரை போரிட வேண்டும் என்றவர்கள் 73 சதவீதம். 2025 ஜூலையில் அது 24 சதவீதம். சீக்கிரம் பேச்சுவார்த்தை நடத்தி முடியுங்கள் என்பவர்கள் 69 சதவீதம். நீங்கள் வாழும் ஜெர்மனியிலேயே டாரஸ் என்ற நீண்டதூர ஏவுகணையை உக்ரைனுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் 61 சதவீதம் பேர் சொன்னார்கள். மக்கள் ஒரு பக்கம், அரசுகள் ஒரு பக்கம். கடைசி உக்ரைனியன் சாகும்வரை மேற்கு நாடுகள் இந்தப் போரை நடத்தும் என்பது சரிதானே? நேட்டோ இராணுவக் கூட்டணி கிழக்கே நகராமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா? 2009-ல் ஈழத்தில் நம் மக்களுக்காக ஒரு விரலைக்கூட அசைக்காத நாடுகள் இவை. நாம் ஏன் இவர்களுக்காகப் பேச வேண்டும்?

அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தவறிருந்தால் மன்னிக்கவும். பெயர் வேண்டாம்.

வாசகர், கோயம்புத்தூர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் அம்மா. முதியோர் இல்லத்தில் இருபத்தைந்து வருடம் வேலை செய்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். வலிக்கிறது என்று அவர் படுத்துவிட்டால் விடாதீர்கள். முதல் ஆறு வாரமும் காலை மடக்கி நீட்ட வையுங்கள். கெஞ்சுங்கள், கோபியுங்கள், எப்படியாவது செய்ய வையுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலை எங்கள் இல்லத்துச் சமையலறையில் ஒன்று நடந்தது. அது மனதில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் இதை வாசித்தேன். அதனால் எழுதுகிறேன்.

பாத்திரம் கழுவும் பகுதியில் கார்கிவ் நகரத்துப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். அங்கே கணக்கு ரீச்சர். 2022 ஏப்ரலில் வந்தவள். அவளுடைய தொலைபேசியில் வான்தாக்குதல் எச்சரிக்கைச் செயலி இருக்கிறது. கார்கிவில் சைரன் ஊதினால் இங்கேயும் ஊதும். வந்த புதிதில் அது ஊதியவுடன் தலைமைச் சமையல்காரர் அடுப்புக்கு மேலுள்ள காற்றாடியை நிறுத்திவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாராவது தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். அடுத்த வருடம் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார்கள். அன்று காலை எங்களோடு வேலை செய்யும் ஓர் இளம்பிள்ளை, “இதைச் சத்தமில்லாமல் வைக்க முடியாதா?” என்று கேட்டாள். கார்கிவ்காரி மன்னிப்புக் கேட்டாள். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு, அதிரும்படி மாற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அந்த இளம்பிள்ளை கெட்டவள் இல்லை. 2022 மார்ச்சில் பெர்லின் பிரதான ரயில் நிலையத்தில் இரவிரவாகச் சூப் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி. நானும் அங்கே போயிருந்தேன். ‘இரண்டு பேருக்கு இடமுண்டு’, ‘தாயும் பிள்ளையும் தங்கலாம்’ என்று அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு சனம் நின்றதைக் கண்ணால் கண்டேன். 1985 தொடக்கத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினில் இறங்கி, நகர ரயிலேறி மேற்குப் பக்கம் வந்தவள் நான். அன்று பத்திரிகைகள் எங்களை வெள்ளம் என்று எழுதின. வேலை செய்ய அனுமதியில்லை. மாவட்ட எல்லையைத் தாண்டவும் அனுமதியில்லை. அதே நாடு, ஐரோப்பா 2001-ல் எழுதிவைத்து ஒருநாளும் பயன்படுத்தாத தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை 2022 மார்ச் 4-ல் முதன்முதலாக நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது இந்தப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. பொறாமையாக இருந்ததா என்று சிலர் கேட்டார்கள். ரயில் நிலையத்தில் நின்று அழுதேன். அது பொறாமை இல்லை.

ஆகவே சலிப்பு வந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால், ஓம், வந்துவிட்டது. மின்சாரக் கட்டணம், வாடகை, உதவிப்பணம் என்று என் பக்கத்து வீட்டார் பேசுவதை நான் தினமும் கேட்கிறேன். ஆனால் 61 சதவீதத்தை நீங்கள் பிழையாக வாசிக்கிறீர்கள். அது ஒரு குறிப்பிட்ட நீண்டதூர ஏவுகணை பற்றிய கேள்வி. யுத்தம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்ற பயம் கொடுத்த விடை. 2023 ஜனவரியில் லெப்பர்ட் டாங்கி கொடுக்கலாமா என்று கேட்டபோது 46 சதவீதம் பேர் கொடுக்கலாம் என்றார்கள், 43 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒவ்வொரு விடை. 2025 பெப்ரவரித் தேர்தலில் ஆயுத உதவியை எதிர்த்த கட்சிகளில் ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் எடுத்து இரண்டாவதாக வந்தது. எனக்கு அது கவலைதான். ஆனால் ‘ஆயுதம் வேண்டாம், சமாதானம்’ என்பதையே முதல் கோஷமாக வைத்த இன்னொரு கட்சி 5 சதவீத எல்லையை மயிரிழையில் தவறவிட்டு வெளியே நின்றது. உதவியைத் தொடர்வோம் என்ற கட்சிகள் பாதிக்கு மேல் எடுத்தன. மக்கள் ஒரு பக்கம் அரசு ஒரு பக்கம் என்பது அவ்வளவு சுலபமாக நிற்காது.

நேட்டோ பற்றி நீங்கள் கேட்டதை விடுகிறேன். 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கையெழுத்து வைத்து, உக்ரைனிடம் உன் எல்லையை மதிப்போம், அணுகுண்டைக் கொடுத்துவிடு என்று சொன்ன தாளை வாசித்துவிட்டு வாருங்கள். பிறகு கதைக்கலாம்.

கடைசி உக்ரைனியன் வரை என்ற வாக்கியம் இருக்கிறதே, அதை விடமாட்டேன். அதை எழுதும்போது உங்கள் கை கூசவில்லையா? யாரோ கைப்பிள்ளைகள் போல, அவர்களுக்கென்று ஒரு விருப்பம் இல்லாததுபோல! அமெரிக்கக் காங்கிரஸ் 2023 இறுதியில் உக்ரைனுக்கான பணத்தை முடக்கி வைத்தது. 2024 ஏப்ரல் 20-ல்தான் பிரதிநிதிகள் சபையில் 311-க்கு 112 என்று நிறைவேறியது. இடையில் ஷெல் இல்லாமல் பீரங்கிகள் பட்டினி கிடந்தன. சண்டை நின்றதா? பெப்ரவரியில் கிழக்கே அவ்தீவ்கா நகரம் விழுந்தது. மே மாதம் ரஷ்யப் படைகள் கார்கிவுக்கு வடக்கே எல்லையைக் கடந்து வந்தன. வொவ்சான்ஸ்க் என்ற பட்டினம் செங்கல் குவியலாகிவிட்டது. உதவி சுருங்கிய மாதங்களில் யுத்தம் சுருங்கவில்லை, கார்கிவ்காரியின் ஊரை நோக்கி நடந்து வந்தது.

இனி அந்த 69 சதவீதம். உங்கள் கடிதம் முழுக்க இந்த ஒற்றை எண்ணில்தான் நிற்கிறது. எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, பொறுமையாக வாசியுங்கள்.

2003-ல் யாழ்ப்பாணம் போனேன். அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஏ9 பாதை திறந்திருந்தது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்க்கிறேன். அவர் கொக்குவிலில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். எங்கள் வீடு மயிலிட்டியில். 1990 ஜூனில் இடம்பெயர்ந்தபோது பூட்டிவிட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவர். அது உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. கொக்குவில் வீட்டு ஒழுங்கை முடக்கிலும் இராணுவக் காவலரண் இருந்தது. ஆமிக்காரன் ஒருவன் நாள் முழுக்க எங்கள் வாசல் படலையைப் பார்த்தபடி நிற்பான்.

ஒருநாள் பின்னேரம் பெடியன் ஒருவன் கருத்துக்கணிப்பு என்று தாள்களைப் பிடித்துக்கொண்டு வந்தான். மாணவன், இருபது வயதிருக்கும். விறாந்தையில் கதிரையைப் போட்டோம்.

“அம்மா, நீங்கள் சமாதானத்தை ஆதரிக்கிறீங்களா? முழுமையாகவா, ஓரளவா, இல்லையா?”

“முழுமையாக எண்டு போடும் தம்பி.”

போட்டான். அடுத்த கேள்வி, பேச்சுவார்த்தையில் எந்தத் தரப்பை அதிகம் நம்புகிறீர்கள்? அம்மா படலைப் பக்கம் ஒருக்கால் பார்த்தார். பிறகு, “தேத்தண்ணி குடிக்கிறீரே?” என்று கேட்டுக்கொண்டு எழும்பி உள்ளே போய்விட்டார். அவன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ‘கருத்தில்லை’ என்ற கட்டத்தில் புள்ளடி போட்டான். அம்மாவுக்குக் கருத்தில்லை! இரவில் எனக்குப் பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் அந்தக் கருத்தைத்தான் சொன்னார். எந்தத் தரப்பில் எது பிழை, யார் ஏமாற்றுவார்கள், ஏன் இது நிலைக்காது, எல்லாம். கடைசியில், “எங்கட வளவைத் தருவினமோ எண்டு அந்தத் தாளில ஒரு இடத்திலயும் கேக்கேல்லையே பிள்ளை” என்றார்.

எங்காவது ஒரு தாளில் ‘சமாதானத்தை ஆதரிப்போர்’ என்ற எண்ணுக்குள் என் அம்மாவும் இருந்திருப்பார். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்து, பாருங்கள், மயிலிட்டி போனாலும் பரவாயில்லை என்று இந்த மனுசி ஒத்துக்கொண்டுவிட்டார் என்று சொல்லியிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் கார்கிவ்காரிக்கு அதைத்தான் செய்கிறீர்கள்.

மூன்றரை வருடம் சைரனுக்குள் கிடந்த ஒருவரிடம் பேச்சுவார்த்தை நடத்தி முடிக்கட்டுமா என்று கேட்டால் அவர் வேறென்ன சொல்வார்? அதே கணிப்பில், ஓராண்டுக்குள் சண்டை ஓயும் என்று நம்பியவர்கள் நாலில் ஒருவர்தான். வேண்டும் என்கிறார்கள், கிடைக்கும் என்று நம்பவில்லை. கீவ் சர்வதேச சமூகவியல் நிறுவனம் இன்னும் விவரமாகக் கேட்கிறது. சமாதானத்துக்காக ஏதாவது நிலத்தை விடலாம் என்றவர்கள் 2022-ல் பத்துப் பேரில் ஒருவர். 2024 முடிவில் 38 சதவீதம். இது உண்மையான மாற்றம், மறைக்க மாட்டேன், அதற்குள் எத்தனை சவப்பெட்டி இருக்கிறதென்று எனக்குத் தெரியும். ஆனால் ரஷ்யா வைக்கும் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதை ஏற்கிறீர்களா என்று 2025-ல் கேட்டபோது நாலில் மூன்று பேர் முடியவே முடியாது என்றார்கள். பேச்சுவார்த்தை வேண்டும் என்றவர்களில் பெரும்பகுதியும் அதற்குள்தான் இருக்க வேண்டும். ‘பேச்சுவார்த்தை’ என்ற சொல்லுக்கு ‘சரணடைதல்’ என்று நீங்களாகவே பொருள் எழுதிவிட்டீர்கள்.

இன்னொன்று. இந்தக் கணிப்புகளில் அண்மையில் வந்தவை கீவ் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில் எடுத்தவை. ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் இருப்பவர்களிடம் யாரும் கேட்க முடியாது. கார்கிவ்காரியின் தங்கை மெலிடோபோலில் இருக்கிறாள். 2022 மார்ச் தொடக்கத்திலிருந்து அந்த நகரம் ரஷ்யாவின் கையில். அக்காவும் தங்கையும் தொலைபேசியில் கதைப்பது வானிலை. மழை பெய்ததா, செர்ரி பூத்ததா, தக்காளி எப்படி. தங்கை ஒருநாளும் வேறெதுவும் சொன்னதில்லை, அக்கா கேட்டதுமில்லை. அவளுடைய கருத்தை எந்தச் சதவீதத்தில் சேர்ப்பீர்கள்? எல்லாரையும் ஒருமுறை வாக்கெடுப்பில் கேட்டார்கள், 1991 டிசம்பர் 1-ல். சுதந்திரத்துக்கு 90 சதவீதத்துக்கு மேல். டொனெட்ஸ்கில் 83 சதவீதத்துக்கு மேல். கிரிமியாவில்கூடப் பாதிக்கு மேல்.

ரஷ்யாவிலும் எழுபது எண்பது சதவீதம் பேர் போரை ஆதரிக்கிறார்களே என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். அந்தக் கணிப்பை எடுக்கும் லெவாடா மையத்துக்கே 2016-ல் ‘அந்நிய முகவர்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். 2022 மார்ச்சில் வந்த சட்டத்தில் இராணுவத்தைப் பற்றிப் ‘பொய்’ சொன்னால் பதினைந்து வருடம்வரை சிறை. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்து கேட்கிறார். அங்கேயும் படலையைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போகிறவர்கள் இருப்பார்கள். மனதார ஆதரிப்பவர்களும் நிறையப் பேர் இருப்பார்கள்.

கடைசியாக 2009. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நித்திரை வராது.

2009 ஏப்ரலில் நானும் தெருவில் நின்றேன். கையில் துண்டுப்பிரசுரம். குளிர். கடைக்குப் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சிலர் பைகளை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்கள். ஒரு வயோதிப மாது மட்டும் நின்று, தாளை வாங்கி, கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு முழுவதையும் வாசித்துவிட்டு, நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரால் எங்களுக்கு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் அந்த முகம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அன்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனவர்களின் வரிசையில் இன்று என்னைப் போய் நிற்கச் சொல்கிறீர்களா தம்பி? எங்கள் பிணங்களைக் காட்டி இன்னொரு சனத்துக்கு உதவி வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது? நம் மக்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை, அது எனக்குத் தேவையும்கூட. ஆனால் அந்த அன்பை வைத்துக்கொண்டு நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன்.

என் அம்மா 2011-ல் போய்ச் சேர்ந்தார். மயிலிட்டித் துறைமுகத்தை இராணுவம் விட்டது 2017 ஜூலையில். அதன் பிறகு ஒருநாள் என் தம்பி போய்ப் படம் எடுத்து அனுப்பினான். கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது. திறப்பு என்னிடம் இருக்கிறது.

நேற்று கார்கிவ்காரியின் ஏப்ரன் பை இரண்டு தரம் அதிர்ந்தது. அவள் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தட்டுகளை அடுக்கினாள். அந்த இளம்பிள்ளை தானாக வந்து, சத்தத்தைத் திருப்பிப் போடச் சொன்னாள். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

அம்மாவுக்கு என் அன்பு. ஐஸ் ஒத்தடம் இருபது நிமிடத்துக்கு மேல் வைக்க வேண்டாம், இடையில் ஒரு துணி இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கியதும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா